மரம் ஏறினது நான்தான், ஊறினது நானா?

தம்பி கேட்டது இதுதான். ரெண்டு வருஷம் ராத்திரி பகலா படிச்சு குரூப் 4 பாஸ் பண்ணிட்டார், வர்ற ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாடியும் நின்னு, கர்த்தர் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லச் சொல்லியிருக்காங்க. “என்னால ஒண்ணுமே இல்ல, எல்லாம் தேவகிருபைன்னு சொல்லுப்பா”ன்னு அம்மா சொல்றாங்க. அப்படிச் சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு, சொல்லலன்னா பெருமைக்காரன்னு ஆயிடும். இதுக்கு நடுவுல கூடவே படிச்ச ஃப்ரெண்டு ரெண்டே கேள்வியில கட்ஆஃப் தவறவிட்டுட்டான், அவனும் அதே சபை, அதே பெஞ்சுல உக்காந்திருப்பான். “நான் என்னக்கா சொல்லட்டும்?”

தம்பி, முதல்ல ஒண்ணு, உங்களுக்கு உறுத்துதுல்ல, அது நல்ல உறுத்தல். கர்த்தருக்கு மகிமை கொடுக்குறேன்னு சொல்லி ஒரு பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க மனசு சொல்லுது, அதை அமுக்கிராதீங்க. உண்மையில்லாத ஒரு வார்த்தையால அவருக்கு மகிமை வரப்போறதில்ல.

அம்மா சொல்ற அந்த வசனத்தோட மூலம் பவுல் எழுதினதுதான், 1 கொரிந்தியர் 15:10. நம்ம ஆளுங்க அதோட தலையையும் வாலையும் மட்டும் சொல்லுவாங்க, “நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்”, அப்புறம் “நான் அல்ல”. ஆனா நடுவுல என்ன இருக்குன்னு பைபிளை எடுத்துப் பாருங்க. “அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்”. மத்த அப்போஸ்தலர் எல்லாரையும் விட நான் அதிகமா உழைச்சேன்னு கூச்சமே இல்லாம எழுதி வச்சிருக்கார் மனுஷன். அதை எழுதிட்டு அதே மூச்சுல “ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே”ங்கிறார். உழைச்சேன்ங்கிறதையும் அழிக்கல, கிருபைங்கிறதையும் விடல. அவருக்கு இது ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற விஷயமாவே தெரியல, நமக்குத்தான் ஒரு பக்கம் கூட்டினா இன்னொரு பக்கம் குறைக்கணும்னு தோணுது.

இது எனக்குப் புரிஞ்சது பிரசங்கம் கேட்டு இல்ல, எங்க தாத்தாவைப் பார்த்து. தாத்தா பனையேறி, சாத்தான்குளம் பக்கம். சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு இடுப்புல அருவாப்பெட்டியைக் கட்டிக்கிட்டு கெளம்பிருவார். ஒரு நாளைக்கு முப்பது மரத்துக்கு மேல, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, ஏறி பாளையைச் சீவி, கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டிட்டு எறங்கணும். சுண்ணாம்பு தடவலன்னா பதநீர் புளிச்சு கள்ளாயிரும். பாளையைச் சீவுறதுல ஒரு கணக்கு இருக்கு, கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா பாளை வீணாப்போயிரும், மேலாப்புல விட்டா ஊறாது. மரத்தை அணைச்சு அணைச்சு ஏறி அவர் நெஞ்சுத் தோல் மரப்பட்டை மாதிரியே ஆகியிருந்துச்சு, சின்னப் புள்ளையில அந்த நெஞ்சுல தலை வச்சுப் படுத்தா கன்னத்துல சொரசொரன்னு குத்தும்.

தினமும் முதல் மரத்தடியில போய் நின்னு ஒரு கையை மரத்துல வச்சு கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிப்பார். நான் ஒருநாள் கேட்டேன், ஏறுறது நீங்க, சீவுறது நீங்க, இதுல கர்த்தருக்கு எதுக்கு தாத்தா ஸ்தோத்திரம்னு. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். “ஏட்டி, ஏறுதது நான்தான். சீவலைன்னா ஒரு சொட்டு எறங்காது. ஆனா சீவுன எடத்துல ஊறுதது நானா?”

அவ்வளவுதான் சொன்னார், அரிவாளை எடுத்துக்கிட்டு ஏறிட்டார். உபாகமம் 8-ஆம் அதிகாரத்தை நான் பிற்பாடு படிச்சப்ப தாத்தா குரல்தான் கேட்டுச்சு. கானானுக்குள்ள நுழையப்போற ஜனங்ககிட்ட மோசே சொல்றான், நீ சாப்பிட்டுத் திருப்தியாகி நல்ல வீடு கட்டி ஆடு மாடு பெருகினப்புறம், என் சாமர்த்தியமும் என் கைபெலனும்தான் இதைச் சம்பாதிச்சுச்சுன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்காதே, அதைச் சம்பாதிக்கிறதுக்கான பெலனை உனக்குக் கொடுக்கிறவர் அவர்தான்னு. கவனிச்சீங்களா, ஐசுவரியத்தைத் தூக்கி மடியில போட்டார்னு அங்க இல்ல, சம்பாதிக்கிற பெலனைக் கொடுத்தார்னு இருக்கு. அப்ப சம்பாதிச்சது யாரு? நீதான். அதுக்கான கையும் மூளையும் தூங்காம உக்கார்ற தெம்பும் எங்கருந்து வந்துச்சுங்கிறதுதான் மோசேயோட கேள்வி.

இன்னொண்ணு சொல்லணும். இதே தாத்தா, கருப்பட்டி எடுக்க வர்ற யாவாரி எடையில கை வச்சா விடவே மாட்டார், தராசைப் பிடிச்சுக்கிட்டு சத்தம் போடுவார். தாழ்மையுள்ள மனுஷன்தான், ஆனா தன் உழைப்போட விலை தெரிஞ்சவர். நம்ம பக்கத்துல தாழ்மைன்னா கூனிக்குறுகி நிக்கிறதுன்னு ஒரு எண்ணம் இருக்கு பாருங்க, அது வேற எங்கிருந்தோ வந்தது. துண்டைக் கக்கத்துல இடுக்கிட்டு நின்ன தலைமுறைங்க எங்களுது. தெற்குத் திருவிதாங்கூர்ல நாடார் பொம்பளைங்க மேல்சீலை போடுறதுக்கே போராட வேண்டியிருந்துச்சு, 1859-ல தான் அதுக்கு அரசாணை வந்துச்சு, அந்தப் போராட்டத்துல முன்னாடி நின்னவங்க நிறைய பேர் வேதத்துக்கு வந்த, அதாவது கிறிஸ்தவங்களான குடும்பத்துப் பொம்பளைங்க. நிமிந்து நிக்கக் கத்துக்கொடுத்த சுவிசேஷத்தோட பேரைச் சொல்லி, வேலை வாங்கின பையனை “நான் ஒண்ணுமில்ல”ன்னு குனிய வைக்கிறது எனக்கு ஒத்துக்கவே முடியாது. கர்த்தருக்கு முன்னாடி முழங்கால் போடுங்க, அதுல குறையே இல்ல, ஆனா அவர் உங்களுக்குள்ள வச்சதைக் குப்பைன்னு சொல்லாதீங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல சபையில கீபோர்டு வாசிக்கிறவ, அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு, பாக், யோஹான் செபாஸ்டியன் பாக், ஜெர்மனிக்காரர், 1685-ல பொறந்தவர். அவர் கைப்பட எழுதின ஆராதனைப் பாட்டுத் தாள்கள்ல தொடக்கத்துல ஜே.ஜே.ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், ‘இயேசுவே உதவும்’னு லத்தீன்ல. எழுதி முடிச்சப்புறம் கடைசியில எஸ்.டி.ஜி., ‘சோலி தேயோ குளோரியா’, தேவனுக்கு மட்டுமே மகிமை. எல்லாத் தாள்லயும் இல்ல, ஆனா நிறையத்துல இருக்கு. இது வரைக்கும் பிரசங்கத்துல நீங்க கேட்டிருப்பீங்க.

அதுக்கு முன்னாடி நடந்ததை யாரும் சொல்றதில்ல. ஒம்போது வயசுல அம்மா போயிட்டாங்க, அடுத்த வருஷமே அப்பாவும் போயிட்டார், அண்ணன் வீட்டுல வளந்தார். அண்ணன் பூட்டி வச்சிருந்த இசைத்தாளைக் கம்பி வழியா சுருட்டி எடுத்து நிலா வெளிச்சத்துல ஆறு மாசமா ராத்திரி ராத்திரி காப்பி எடுத்தார்னும், அண்ணன் கண்டுபிடிச்சுப் பிடுங்கிட்டார்னும் அவர் இறந்தப்புறம் குடும்பத்தாளுங்க எழுதின இரங்கல் குறிப்புலயே இருக்கு. இருபது வயசுல, பெரிய ஆர்கன் கலைஞர் புக்ஸ்டஹூட வாசிக்கிறதைக் கேக்க, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் நடந்தே போனார், நாலு வாரம் லீவு வாங்கிட்டு நாலு மாசம் அங்க இருந்தார். ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல 1723-ல வேலைக்குச் சேந்த புதுசுல வாரம் ஒண்ணுன்னு ஆராதனைக்குப் புதுப்பாட்டு எழுதி, பாடகர்களுக்குத் தனித்தனியா காப்பி எடுத்து, பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஞாயித்துக்கிழமை பாட வச்சார், வாசிக்கிறவ சொல்றேன், அது எப்பேர்ப்பட்ட வேலைன்னு எனக்குத் தெரியும்.

எப்படி இவ்வளவு திறமைன்னு கேட்டவங்ககிட்ட அவர் என்ன சொல்வார்னு 1802-ல வந்த அவரோட வாழ்க்கை வரலாற்றுல இருக்கு. நான் உழைக்க வேண்டியிருந்துச்சு, அதே மாதிரி உழைக்கிற யாருக்கும் இது வரும், இவ்வளவுதான் பதில். அதாவது தாளோட அடியில ‘தேவனுக்கு மட்டுமே மகிமை’ன்னு எழுதின அதே ஆள், வாயால ‘நான் உழைச்சேன்’னும் சொல்லியிருக்கார். அதுமட்டுமில்ல, தாளோட மேல தன் பேரையும் எழுதுவார். கடைசிக் காலத்துல எழுதின ஒரு பெரிய வேலையில தன் பேரோட B-A-C-H-ங்கிற நாலு எழுத்தையே ஸ்வரமா ஆக்கி உள்ள கோத்து வச்சிருக்கார். பேர் மேல, மகிமை கீழ, ரெண்டும் ஒரே தாள்ல, அவர் கையெழுத்துலயே. எனக்கு இதுல முரண்பாடே தெரியல. நான் செஞ்சேன்னு கையெழுத்துப் போடுறது பொறுப்பு ஏத்துக்கிறது, தப்பு இருந்தா என்னைக் கேளுங்கன்னு சொல்றது. மகிமை அவருக்குன்னு எழுதுறது, இது எங்கருந்து வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு சொல்றது.

யாருக்காகங்கிறதுலதான் இன்னொரு விஷயம் இருக்கு. ஆர்கன் கத்துக்கிறவங்களுக்காக அவர் தொகுத்த சின்னப் புத்தகத்தோட முகப்புல ரெண்டு வரி எழுதியிருக்கார், ஒண்ணு உன்னதமான தேவனுக்கு மட்டுமே கனம், அடுத்தது, பக்கத்துல இருக்கிறவன் இதிலிருந்து கத்துக்கணும்னு. முதல் வரியை நம்ம சபைகள்ல எல்லாரும் சொல்றோம். ரெண்டாவது வரியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வர்றேன்.

இப்ப உங்க அம்மாவுக்கு இருக்கிற பயத்தையும் சொல்லணும், அது வீண் பயம் இல்ல. பெருமை எப்படி உள்ள வருதுன்னா ஜெயிச்சப்பதான் வருது. உசியா ராஜா கதையைப் படிச்சிருப்பீங்க, பதினாறு வயசுல ராஜாவாகி, கிணறு வெட்டி, விவசாயத்துல பிரியமா இருந்து, கோபுரத்து மேல கல்லெறியிற இயந்திரமெல்லாம் வச்சு, எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவன் பலப்பட்டப்பதான் மனசு மேட்டிமையாச்சுன்னு எழுதியிருக்கு. கஷ்டத்துல இருந்தப்ப இல்ல. இஸ்ரவேலை யுத்தத்துக்கு நடத்தின கிதியோன்கிட்ட 32,000 பேர் இருந்தாங்க, அது ஜாஸ்தின்னு சொல்லி 300 பேராக் குறைக்க வச்சதுக்குக் காரணமும் அங்கயே சொல்லியிருக்கு, என் கையே என்னை ரட்சிச்சுச்சுன்னு இஸ்ரவேல் வீம்பு பேசிரும்னுதான். அம்மா உங்களைப் பெத்தவங்க, உங்க மனசு எங்க வழுக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க வார்த்தை சரியா அமையலன்னாலும் அக்கறை சரியானது.

ஆனா ‘எல்லாம் கர்த்தர்’னு சொல்லிட்டா மட்டும் பெருமை போயிடுமா? லூக்கா 18-ல ஜெபம் பண்ணின பரிசேயனைப் பாருங்க. அவன் ஆரம்பிக்கிறதே நன்றியிலதான், “தேவனே உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்”னு. தன் நல்ல குணத்துக்கெல்லாம் கிரெடிட்டை அவன் தேவனுக்குத்தான் கொடுக்குறான்! அப்புறம் எங்க கெட்டுச்சு? ‘மற்ற மனுஷரைப் போல இல்லாததனால’ன்னு சொன்னான் பாருங்க, பக்கத்துல நின்ன ஆயக்காரனை, அந்த வரி வசூலிக்கிறவனைக் கண்ணால அளந்தான் பாருங்க, அங்க கெட்டுச்சு. வார்த்தையெல்லாம் ஸ்தோத்திரம்தான், கண்ணு மட்டும் பக்கத்து ஆள் மேல. நம்ம சாட்சி நேரத்துல இது நடக்குது தம்பி, நான் கீபோர்டுக்குப் பின்னாடி உக்காந்து ரொம்ப வருஷமாப் பாக்குறேன். “எத்தனையோ பேர் எழுதினாங்க, கர்த்தர் என்னை மட்டும் தெரிஞ்சுக்கிட்டார்”னு ஒருத்தங்க சந்தோஷத்துல சொல்லுவாங்க, கெட்ட எண்ணமே இருக்காது, ஆனா மூணாவது வரிசையில ஒரு அம்மா தலையைக் குனிஞ்சு புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டு இருப்பாங்க, அவங்க பையனும் எழுதியிருப்பான்.

அதனால உங்க ஃப்ரெண்டைப் பத்தின கேள்விதான் எனக்கு உங்க கேள்வியிலயே முக்கியமாத் தெரியுது. அதுக்கு அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை ஒரே உக்காரலாப் படிங்க. ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால கொன்னுடுறான். யாக்கோபு யாரு, இயேசு கூட மலை மேல ஏறினவர், உள்வட்டத்துல இருந்தவர். அடுத்து பேதுருவைப் பிடிக்கிறான், நாலு நாலு பேரா பதினாறு போர்ச்சேவகர் காவல். ஆனா பேதுரு ராத்திரியோட ராத்திரியா தேவதூதனால வெளியில வந்துடுறார். யாக்கோபுக்கு விசுவாசம் கம்மியா? சபை அவருக்காக ஜெபம் பண்ணலையா? அப்படி ஒரு வார்த்தை கூட அங்க இல்ல. ஏன் இவருக்கு விடுதலை, அவருக்குப் பட்டயம்னு அதை எழுதின லூக்கா விளக்கம் சொல்லவே இல்ல.

பேதுரு நேரா மாற்குவோட அம்மா மரியாள் வீட்டுக்குப் போய் கதவைத் தட்டுறார், ரோதைங்கிற பொண்ணு சந்தோஷத்துல கதவைத் திறக்காமலே உள்ள ஓடிருது, கடைசியில எல்லாரும் வந்து பாத்து ஆச்சரியப்படுறாங்க. அப்ப பேதுரு என்ன பண்றார்னா, பேசாம இருங்கன்னு கையமர்த்திட்டு, கர்த்தர் தன்னைக் காவல்லருந்து வெளியில கொண்டுவந்த விதத்தைச் சொல்றார், மத்தவங்களுக்கும் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுறார். அவ்வளவு சின்ன சாட்சி. அந்த வீட்டுல யாக்கோபுக்காக அழுத கண்ணோட இருந்தவங்களும் இருந்திருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். அவர் ‘எப்படி’ங்கிறதை மட்டும் சொன்னார், ‘ஏன் எனக்கு’ங்கிறதுக்குப் போகவே இல்ல. எனக்கு அந்தக் கையமர்த்தல் ரொம்பப் பிடிக்கும்.

அதே அதிகாரம் முடியறது எதுலன்னா அதே ஏரோதோட சாவுல. ராஜவஸ்திரம் போட்டு உக்காந்து பேசுறான், ஜனங்க இது மனுஷசத்தம் இல்ல, தேவசத்தம்னு ஆர்ப்பரிக்கிறாங்க, தேவனுக்கு மகிமையைக் கொடுக்காததால அடிக்கப்பட்டான்னு இருக்கு. யூத வரலாற்று ஆசிரியர் ஜொசிபஸும் இதை எழுதியிருக்கார், செசரியாவுல, முழுக்க வெள்ளியில நெய்ஞ்ச அங்கி, காலை வெயில்ல அது பளபளன்னு மின்னுச்சு, கூட்டம் அவனைத் தெய்வம்னுச்சு, அவன் அவங்களைக் கண்டிக்கல, அஞ்சு நாள்ல செத்தான்னு. ‘நான்தான் தெய்வம்’னு அவன் சொல்லவே இல்ல பாருங்க, மத்தவங்க சொன்னதை மறுக்கல, அவ்வளவுதான். புகழ் வரும்போது நம்ம வேலை அந்த இடத்துலதான் இருக்கு.

அதுக்காக யாராவது ‘நல்லா பண்ணே’ன்னு சொன்னா உடனே கையை உதறிட்டு ஓடவும் வேண்டாம். நான் சின்ன வயசுல ஒரு கிறிஸ்மஸ் ஆராதனை முடிஞ்சதும் எங்க பாடகர் குழுத் தலைவர், வயசானவர், நல்லா வாசிச்சேம்மான்னார். நான் “ஐயோ, நான் ஒண்ணுமே இல்லைங்க ஐயா, எல்லாம் கர்த்தர்”னேன். அவர் மொகம் வாடிப்போச்சு. “நான் உனக்கு ஒண்ணு குடுத்தேன், நீ வாங்காமத் திருப்பி விட்டுட்டியே. மொதல்ல வாங்கும்மா, அப்புறம் வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டு அவர்கிட்ட குடு”ன்னார். அன்னையிலருந்து யாராவது பாராட்டினா “நன்றிங்க, சந்தோஷமா இருக்கு”ன்னு மட்டும் சொல்றேன். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அதை அவர்கிட்ட சொல்லிருவேன், இன்னார் இப்படிச் சொன்னாங்க ஆண்டவரேன்னு.

இன்னொரு வழக்கம், ட்யூப்லைட்ல கூட உபயம்னு பேர் எழுதுறது, லைட் வெளிச்சத்தை விட பேர் பெருசா இருக்கும். முதல் மாசச் சம்பளத்தைக் காணிக்கையாக் கொடுக்கணும்னு உங்களுக்குத் தோணினா தாராளமாக் கொடுங்க, பேரை வாசிக்க வேண்டாம்னு பாதிரியார் ஐயர்கிட்ட சொல்லிருங்க. டோனாவூர்ல மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கல்லறையைப் போய்ப் பாருங்க, நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். 1895-ல இந்தியாவுக்கு வந்தவங்க, திரும்பி ஊருக்கே போகாம 1951-ல இங்கயே இறந்தாங்க, எத்தனை புள்ளைங்களை வளர்த்தாங்க. தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, வளர்த்த புள்ளைங்க அந்த எடத்துல பறவைங்க தண்ணி குடிக்கிற ஒரு கல்தொட்டியை வச்சு, அம்மான்னு பொருள்படுற ஒரே ஒரு சொல்லைப் பொறிச்சிருக்காங்க.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். மைக் கைக்கு வந்ததும் என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் படிச்சேன்னு சொல்லுங்க, அது உண்மை. விடியக்காலை நாலு மணிக்கு அம்மா எந்திரிச்சு டீ போட்டுக் கொடுத்திருந்தா அதைச் சொல்லுங்க, கணக்குல நீங்க திணறினப்ப உக்காந்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் இருந்தா அவரைச் சொல்லுங்க, அவர் எந்த மதமா இருந்தா என்ன. கர்த்தருக்கு நன்றின்னு சொல்லிட்டு மனுஷரை விட்டுட்டா அது பாதிக் கணக்குதான், அவர் கொடுத்தது பெரும்பாலும் யாராவது ஒருத்தர் கை வழியாத்தானே வந்திருக்கு. அப்புறம், படிக்கிற மூளையும் நோய்நொடி இல்லாத உடம்பும் எனக்கு நானே கொடுத்துக்கல, அதைக் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுங்க. இதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல, அம்மாவுக்கும் மனசு நிறைஞ்சிரும். “கர்த்தர் என்னைத் தெரிஞ்சுக்கிட்டார்”, “ஜெபம் பண்ணினா கண்டிப்பா பாஸ்தான்”, இந்த ரெண்டை மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க. ஃப்ரெண்டு பேரையும் மைக்ல சொல்லாதீங்க, அவனுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சபையைக் கேக்காதீங்க, எல்லாரும் திரும்பி அவனைப் பாப்பாங்க. மூணு நிமிஷத்துல முடிச்சுட்டு எறங்கிருங்க.

சனிக்கிழமையே அவன் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க, நாளைக்கு இப்படிச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்காங்கடான்னு நீங்களே முன்னாடி சொல்லிருங்க, அவன் வரலன்னாலும் தப்பா எடுத்துக்காதீங்க. பாக் எழுதின ரெண்டாவது வரி ஞாபகம் இருக்குல்ல, பக்கத்துல இருக்கிறவன் கத்துக்கணும்னு. நீங்க ரெண்டு வருஷமா எழுதின நோட்ஸ் இருக்கும்ல, அதைப் பழைய பேப்பருக்குப் போடாம பையில எடுத்துட்டுப் போங்க. அடுத்த நோட்டிபிகேஷன் வர்ற வரைக்கும் வாரத்துல ஒரு நாள் நான் வந்து உன்கூட உக்காருறேன்னு சொல்லுங்க, சொன்னா உக்காருங்க.